குளிப்பாட்டினால் போகாத தெள்ளு

"தவுக்கே, உபாட் குத்து அடா?"

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைகளில் நாம் இப்படித்தான் கேட்போம். குத்து மருந்து, அதாவது நாய் பூனை மேல் ஊரும் பூச்சிக்கு மருந்து இருக்கிறதா என்று பொருள். "அஞ்ஜிங் கா, குச்சிங் கா?" என்று கடைக்காரத் தவுக்கே திருப்பிக் கேட்பார். நாய்க்கா, பூனைக்கா? பதில் சொன்னதும் ஒரு பாட்டிலோ பவுடர் டப்பாவோ மேசைக்கு வந்துவிடும். கல் என்று பொருள்படும் பாத்து என்ற மலாய்ச் சொல்லைப் பத்தாக்கிப் பத்துமலை என்று கும்பிட்டவர்கள் நாம். குத்துவதைக் குத்து என்று சொல்வதில் நமக்கு என்ன சிரமம்?

சிக்கல் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. பேச்சு மலாயில் தலைப்பேனும் குத்துதான், நாயின் காதில் தொங்குகிற உண்ணியும் குத்துதான், பூனையின் வயிற்று முடிக்குள் ஓடுகிற தெள்ளும் குத்துதான். தெள்ளுக்குப் பிஞ்சால் என்றும் உண்ணிக்குச் செங்கெனிட் என்றும் மலாயில் தனிப் பெயர்கள் உண்டு. கடை மேசையில் அவற்றைக் கேட்டவர்கள் குறைவு. தமிழில் பேன், உண்ணி, தெள்ளு என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டே நாமும் கடைவாசலில் இரண்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். மூன்றும் வாழும் இடம் வேறு வேறு என்பதால் ஒன்றுக்கு வாங்கிய வைத்தியம் இன்னொன்றுக்குப் பாதிதான் பிடிக்கும்.

பேனைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். அது பிறப்பது, முட்டையிடுவது, சாவது எல்லாம் முடியில்தான். நாய்ப்பேன் நம் தலைக்கு வராது, நம் பேன் நாய்க்குப் போகாது. உண்ணிக்கு எட்டுக் கால். தோலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் இரத்தம் குடிக்கும். வயிறு நிறைந்ததும் பச்சைப்பட்டாணி மாதிரி உப்பிக் கழன்று விழும். அதன் பிறகு சுவரில் மேலே ஏறும். சன்னல் சட்டத்தின் இடுக்கு, கூரை ஓரம், சாமி படத்தின் பின்புறம் என்று ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தெள்ளுக்கு ஆறு கால், பக்கவாட்டில் தட்டையான உடம்பு. இரண்டு முடிகளுக்கு நடுவே சீப்புப் பல் போல நுழைந்து ஓட அந்த உடம்புதான் வசதி. அதன் பிள்ளைகள் கீழே இறங்குகிறவர்கள். உண்ணிக்கு மேலே பார், தெள்ளுக்குக் கீழே பார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் என் பாட்டி சொன்னது இது. அவருக்குப் பூச்சியியல் தெரியாது, நாய் தெரியும்.

இந்தக் கட்டுரை தெள்ளைப் பற்றியது. நாய், பூனை இரண்டின் மேலும் நாம் அதிகம் பார்ப்பது ஒரே இனம்தான். டெனோசெஃபாலிடிஸ் ஃபெலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர், பூனைத்தெள்ளு என்பார்கள். பெயர்தான் பூனை. நாயென்றும் பார்க்காது, தோப்பிலிருந்து வரும் மூசாங் என்ற மரநாய் என்றும் பார்க்காது. வேறு ஆள் கிடைக்காவிட்டால் நம் கணுக்காலையும் விடாது.

வீட்டில் இருப்பது தெள்ளுதானா என்று பார்க்க ஒரு வெள்ளை டிஷ்யூ போதும். பூனையின் வால் தொடங்கும் இடத்தில் பேன்சீப்பால் அழுத்தி வாருங்கள். மிளகை இடித்தது போலக் கருப்புத் துகள் விழும். டிஷ்யூவில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால், மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் அரை நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செங்காவி நிறம் பரவும். பூனையிடமிருந்து குடித்த இரத்தம் அது, பாதி செரித்துக் காய்ந்தது. ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாத பூனையிலும் இந்தக் கறை வரும். பூனை நாள் முழுக்க நக்கி நக்கிப் பாதித் தெள்ளை விழுங்கிவிடுகிறது, நாம் பார்க்கும்போது ஆள் இருக்காது.

இப்போது அந்தக் கருப்புத் துகளைத் தொடர்ந்து போவோம், கதையே அதில்தான் இருக்கிறது. பெண் தெள்ளு முதல் முறை இரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. நாளுக்கு 20, 30, சிலசமயம் 40க்கு மேலேயும் போகும். பேன் தன் ஈரை முடியில் ஒட்டி வைக்கிறது. தெள்ளின் முட்டைக்குப் பசை கிடையாது. அரை மில்லிமீட்டர் அளவில் வழுவழுவென்று உப்புக்கல் மாதிரி இருக்கும். சில மணி நேரத்தில் உருண்டு விழுந்துவிடும். பூனை எங்கே படுக்கிறதோ, எங்கே குதிக்கிறதோ, எங்கே நின்று உடம்பைச் சிலிர்க்கிறதோ அங்கெல்லாம் விழும். கூடவே அந்தக் கருப்புத் துகளும் விழும். இரண்டு மூன்று நாளில் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவுக்கு முக்கியச் சாப்பாடு அந்தத் துகள்தான். தாய் மேலிருந்தே சோறு போட்டு அனுப்புகிறது. அருவருப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு.

புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. சோபா மெத்தைக்கு அடியில், கால்மிதியின் பின்பக்கம், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே தங்கும் தூசியில், வெளியே நிழல் விழும் மண்ணில் இறங்கிவிடும். வெயிலும் வறட்சியும் அதற்கு எமன். காற்றில் ஈரப்பதம் பாதிக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் பாதி வேலையைப் பார்த்துக் கொடுக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேராக்கில் எந்த மாதத்தில் துணி காயப் போட்டாலும் மத்தியானம் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற ஊர் இது. 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், 30 டிகிரியைச் சுற்றிய வெப்பம், இரண்டும் ஆண்டு முழுக்க. முட்டையிலிருந்து குதிக்கும் தெள்ளு வரை மூன்று நான்கு வாரம் போதும். அதைவிடக் குறைவாகவும் முடியும்.

புழு வளர்ந்ததும் பட்டுநூல் போல நூற்றுக் கூடு கட்டிக்கொள்ளும். நூல் ஒட்டும் தன்மையுள்ளது. தரைத் தூசி, முடி, மணல் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்வதால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தூசி உருண்டை மாதிரிதான் தெரியும். நாம் அடிக்கும் மருந்து உள்ளே இறங்குவது அரிது. உள்ளே முழுத் தெள்ளாக மாறிய பிறகும் அது அவசரப்படுவதில்லை. சூடு, அதிர்வு, மூச்சுக்காற்றில் வரும் கரியமில வாயு, இவற்றில் ஏதாவது தெரிந்தால்தான் வெளியே வரும். தெரியாவிட்டால் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூடக் காத்துக் கிடக்கும்.

இதை நான் காலால் படித்தேன். ஒரு தீபாவளிக்குக் கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டோம். பூனையைத் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, விளக்கைப் போட நாலு எட்டு நடந்திருப்பேன். கணுக்காலில் சுருக் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் வெள்ளைக் காலுறையில் எள்ளைக் கொட்டியது மாதிரி இருந்தது. மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "பூன வீட்டுலயே இல்லையே, இது எப்படி?" என்றாள். பூனை இல்லாததுதான் காரணம். இரண்டு வாரமாக ஏறிக்கொள்ள ஆள் இல்லாமல் கூடுகள் தரையில் சேர்ந்துகொண்டே போயின. என் காலடி அதிர்ச்சி எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பிவிட்டது.

ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளுக் குடும்பத்தில் நம் கண்ணில் படும் வளர்ந்த தெள்ளு 5 விழுக்காடுதான் என்று கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். பாதி முட்டை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புழு, மிச்சம் கூடு. வீட்டுக்கு வீடு இது மாறும் என்றாலும் அமைப்பு மாறாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் நாயைக் கட்டிப் போட்டுச் சவர்க்காரம் தேய்ப்பதைப் பார்த்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான் ஞாபகத்துக்கு வரும். நாய் சுத்தமாகும். அன்று சாயங்காலமே அதே சாக்கில் போய்ப் படுக்கும்.

குளியல் வீண் என்று சொல்ல வரவில்லை. கோயில் பின்னால் கிடந்த குட்டி ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்து வந்தார். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் ஐம்பது நூறு தெள்ளு குடித்தால் சோகை பிடித்துக் குட்டி செத்தே போகும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பெரும்பாலான மருந்துகளைப் போடக் கூடாது. அங்கே வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும்தான் முதலுதவி. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போட வேண்டும். உடம்பு நனைந்ததும் தெள்ளெல்லாம் முகத்துக்கு ஓடும், நுரை வளையம் வழியை அடைக்கும். சீப்பில் வருவதைச் சோப்புத் தண்ணீரில் உதற வேண்டும். வெறும் தண்ணீரில் உதறினால் மிதந்து தப்பித்துவிடும். பிறகு நன்றாகத் துவட்டிச் சூடாக வைத்து, அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பயம் தருவது தெள்ளைவிட இந்தப் பகுதிதான். தோட்டத்து ஊரில் பூச்சி மருந்து பழக்கப்பட்ட சாமான். செம்பனை என்ற எண்ணெய்ப்பனையின் கன்றைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் மினரல் பாட்டிலில் இருக்கும். மரத்துக்கு அடிப்பதை நாய்க்கும் கொஞ்சம் கலக்கி ஊற்றினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அளவு தெரியாமல் ஊற்றினால் நாயே நடுங்கி விழும். பூனை என்றால் பேச்சே இல்லை. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கு என்று கடையில் விற்கும் கழுத்துச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் செறிவாக இருக்கிறது. "கொஞ்சமா விட்டா போதும், பூனதானே" என்று விட்டவர்கள், சில மணி நேரத்தில் பூனை இழுத்து இழுத்து வெட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்கும் அது நேரலாம். தவுக்கே கேட்ட "அஞ்ஜிங் கா, குச்சிங் கா?" என்பது அந்தக் கடையிலேயே மிக முக்கியமான கேள்வி.

நாட்டு வைத்தியத்தையும் சொல்லாமல் விட முடியாது. வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள், செராய் என்ற எலுமிச்சைப்புல் எண்ணெய் தேய்ப்பார்கள், படுக்கையடியில் பாச்சை உருண்டை போடுவார்கள், இன்னும் சிலர் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரல் போகும். பாச்சை உருண்டை பூனைக்கு நஞ்சு. பூனைக்கு எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். உடம்பில் தடவியதெல்லாம் நக்கி வயிற்றுக்குள் போகிற பிராணி அது. வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை நாய்க்கு ஊற்றினால் அரிப்புக்குச் சற்று இதமாக இருக்கலாம். தரையில் இருக்கும் கூட்டுக்கு அது எட்டாது. பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

வேலை செய்கிற மருந்துகள் இப்போது நிறைய இருக்கின்றன. பூனைக்கும் நாய்க்கும் தனித்தனியாக, உடம்பு எடைக்குத் தகுந்தபடி வரும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், செலாமெக்டின் போன்றவை இருக்கும். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். தோலின் எண்ணெயோடு சேர்ந்து உடம்பெல்லாம் பரவும் என்பதால் போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனில் பக்கமே போக வேண்டாம், அதற்கு அது ஆகாது. நாய்களுக்கு ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் என்று சாப்பிடும் மாத்திரைகளும் உண்டு. உண்ணிக்கும் சேர்த்துக் கேட்கும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மருந்தின் மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். சொட்டு விட்டாயிற்று, பத்து நாளில் மறுபடி தெள்ளு. "போலி மருந்து கொடுத்துட்டான்" என்று கடை மாற்றுவார்கள். நடப்பது வேறு. மருந்து போடுவதற்கு முன்பே தரையில் இறங்கிய முட்டைகளும் கூடுகளும் தம் பாட்டுக்கு முதிர்ந்து, தெள்ளாகி, பூனையின் மேல் ஏறுகின்றன. ஏறி ஒரு நாளுக்குள் செத்தும் போகின்றன. நாம் பார்ப்பது சாகப் போகிற புது வரவை. மருந்து போட்ட பூனை வீட்டைச் சுற்றி நடந்து தெள்ளைத் தன் மேல் ஏற்றிக் கொன்றுகொண்டே இருக்கிறது. அதனால் பூனையை அறைக்குள் பூட்டி வைக்காமல் வழக்கம்போலத் திரிய விட வேண்டும். தரையில் உள்ள சரக்கு தீர இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் மாதம் போட்டு, இரண்டாம் மாதம் மறந்து, மூன்றாம் மாதம் திட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம், நானும் அதில் ஒருவன். வீட்டில் மூன்று பிராணி இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். அரிப்பு எடுப்பது ஒன்றாக இருக்கலாம், முட்டை போடுவது இன்னொன்றின் மேல் இருக்கும்.

தரையை மறக்கக் கூடாது. வேக்கூம் இருந்தால் சோபா இடுக்கு, கட்டிலடி, கால்மிதி ஓரம் எல்லாம் ஓட்டுங்கள். முட்டையும் புழுச் சாப்பாடும் வெளியே போகும். அதன் அதிர்வில் கூட்டுக்குள் தூங்குவதும் எழுந்துகொள்ளும், எழுந்தால்தான் சாகும். பையைக் கட்டி வெளியே குப்பையில் போட வேண்டும். சாக்கு, பழைய துண்டு, தலையணை உறை எல்லாம் வாரம் ஒரு முறை கொதிநீரில். நம் கடைசிச் சாக்கு என்று பாசம் காட்டாமல் எரித்துவிட்டாலும் தப்பில்லை. தரைக்கு அடிக்கும் மருந்து வாங்கினால் பைரிப்ராக்சிஃபென், மெத்தோப்ரீன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை பொரிக்காமலும் புழு வளராமலும் தடுப்பவை அவை. டெங்கிக்காகத் தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், அடிக்கும் புகையை நம்பி இருக்காதீர்கள். "போன வாரம்தான் புகை அடிச்சாங்க, எல்லாம் செத்திருக்கும்" என்று எங்கள் வரிசையில் பலர் சொன்னார்கள். அது பறக்கிற கொசுவுக்கு. சோபாவுக்கு அடியில் படுத்திருக்கும் புழு அந்த மணத்தைக்கூட அறியாது.

லயத்தில் இருந்தபோது தெள்ளுக்கு இருந்த வசதி வேறு. பழைய வீடுகள் காலில் நின்றன. வீட்டுக்கடியில் நிழல், மழை படாத மண், நாய்கள் படுக்கிற குழிகள். தெள்ளுப் புழு இதைவிட நல்ல இடம் கேட்காது. தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, சனம் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு அந்த மண் போய்விட்டது. சிமெண்டுத் தரை, சோபா, டிவி அடியில் கார்பெட் என்று வந்தது. சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் பூனைக்கு வேலி கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனையிலிருந்து நம் பூனைக்குத் தெள்ளு தாவியதாகச் சண்டை போடுவார்கள். வளர்ந்த தெள்ளு ஏறிய உடம்பை எளிதில் விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை நம் வாசல் நடையான ஐந்தடியில் மத்தியானம் தூங்கிவிட்டுப் போகும்போது உதிர்க்கும் முட்டைதான் மூன்று வாரம் கழித்து நம்மிடம் வரும். சண்டைக்குக் காரணம் சரி, தேதிதான் தப்பு.

மனிதருக்கு என்ன ஆபத்து என்று கேட்பார்கள். பெரும்பாலும் அரிப்புதான். கால் முட்டிக்குக் கீழே கூட்டமாகச் சிவந்த புள்ளிகள். சிறு பிள்ளைகள் தவறிப்போய்த் தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரலாம். பூனையின் ஆசனவாயருகே அரிசி மாதிரி நெளிவது அதன் துண்டுகள்தான். தெள்ளை ஒழிக்காமல் பூச்சி மாத்திரை மட்டும் கொடுத்தால் அது மறுபடி வந்துகொண்டே இருக்கும். பூனை பிறாண்டிக் காய்ச்சல் வருவதற்கும் பின்னால் நகத்தில் ஒட்டிய தெள்ளின் எச்சம் இருக்கிறது.

பழைய மலாயாவில் இந்தக் குழப்பம் மருத்துவர்களுக்கும் இருந்தது. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920களில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தபோது அது ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்தார்கள். பட்டணத்துக் கடைக்காரர்களுக்கு வருவது ஒன்று, தோட்டத்துப் புல்லில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது இன்னொன்று. கடைக் காய்ச்சல் எலித்தெள்ளால் வந்தது. செம்பனைத் தோட்டத்துக் காய்ச்சல் தெள்ளால் வந்ததில்லை, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சுகளால். அது ஜப்பானில் அறியப்பட்ட சுட்சுகாமூஷிக் காய்ச்சல்தான் என்று லூத்வைட்டும் சாவூரும் 1940இல் காட்டினார்கள். எல்லாம் குத்துதானே என்று அவர்கள் விட்டிருந்தால் பட்டணத்து எலியைப் பிடித்துத் தோட்டத்துக் காய்ச்சலுக்கு மருந்து தேடியிருப்பார்கள்.

கிள்ளானிலிருந்து வந்த அந்த இரவுக்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். கூடத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சோப்புத் துளி விட்டு, மேசை விளக்கை அதன் மேல் தாழ்த்தி வைத்துவிட்டு மற்ற விளக்குகளை அணைத்தேன். தெள்ளு வெளிச்சத்தையும் சூட்டையும் நோக்கிக் குதிக்கும், சோப்புத் தண்ணீரில் மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். இதனால் வீடு சுத்தமாகாது, நிலவரம் தெரியும். முதல் காலையில் 23. அன்றே பூனையைக் கொண்டு வந்து மருந்து போட்டோம், தங்கச்சி வீட்டு நாய்க்கும் போட்டோம். ஒரு வாரத்தில் 9. நடுவில் ஒரு நாள் திடீரென்று 14 ஏறியது, மனைவி கடையை மாற்றச் சொன்னாள், நான் மாற்றவில்லை. ஆறாம் வாரம் 2. தைப்பூசம் முடிந்து இரண்டு வாரத்தில் தட்டில் ஒரு கொசு மட்டும் மிதந்தது. தட்டை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவது மாதச் சொட்டை மறக்காமல் காலண்டரில் குறித்தேன்.